தாய்பொக்ஸும் எழுபது கிராமும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்த பிள்ளைகள் ஐந்து. நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை பெற்றது. எல்லாம் ஒரே பானைச் சோற்றில் வளர்ந்ததால் ஆர் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன். அந்த ஐந்தில் கடைசி உலகச் சாம்பியன். இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஐந்தாவது வரியிலாவது வந்துவிட்டது.

போன கிழமை இந்தப் பக்கத்தில், சுவிஸில் வில் என்ற ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் வீட்டைப் பற்றியும் அதன் ஜன்னலால் வந்த குளிரைப் பற்றியும் சொல்லியிருந்தேன். அதை வாசித்த ஒரு பெண் சூரிச்சில் மரக்கறிக் கடையில் என்னை மறித்தார். "அக்கா, குளிர்க் கதை காணும். அடிபடுற பிள்ளையின்ர கதையை எப்ப சொல்லப் போறியள்?" என்று கேட்டார். கையில் இருந்த முருங்கைக்காயால் ஒரு குத்துக் குத்தியும் காட்டினார்.

சரி, சொல்லுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி ஆரணி. பிழை இருந்தால் அவளுடையது. நன்றாக இருந்தால் என்னுடையது.

துவாய்க்குப் பின்னால்

சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டு மண்டபம். காலை நேரம். பின்னேரம் போட்டி. அதுவும் சும்மா போட்டியில்லை, உலகப் பட்டத்துக்கான போட்டி. அதற்கு முதல் நிறை பார்ப்பார்கள். ஐம்பத்து நான்கு கிலோவுக்கு மேலே ஒரு கிராமும் இருக்கக் கூடாது.

மகள் சிந்துஜா தராசில் ஏறினாள். முதலில் காற்சட்டையோடு ஏறினாள், கூடக் காட்டியது. பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறினாள். நான் ஒரு பக்கமும் விளையாட்டுச் சங்கத்துப் பெண் ஒருத்தி மறுபக்கமுமாகப் பெரிய துவாய் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். துவாய்க்கு மேலே அவளுடைய தலையும் கொண்டையும் மட்டும் தெரிந்தன.

நிறை பார்த்த அம்மா கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஐம்பத்து நான்கு கிலோ, எழுபது கிராம்.

"எழுபது கிராமோ?" என்றாள் சிந்துஜா. முதல் நாள் பின்னேரத்திலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. "என்னண்டம்மா? வீட்டுத் தராசில காலமை சரியா இருந்ததே!"

கண்ணாடிக்கார அம்மா ஒரு விரலைக் காட்டினார். ஒரு மணித்தியாலம் தருவார்கள். அதற்குள் எழுபது கிராம் இறங்காவிட்டால் பட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. பதினேழு வருசம் அடி வாங்கியது அவ்வளவும் எழுபது கிராமில் போய்விடும்.

நான் துவாயை இன்னும் மேலே தூக்கி என் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த எழுபது கிராம் என்னவென்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

பெட்டி கட்டின கதை

அவசரப்படாதேங்கோ, அந்த எழுபது கிராமுக்கு வருவேன். அதற்கு முதல் இந்த விளையாட்டு எப்படி என் வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும்.

சிந்துஜாவுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். நான் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. என் மனுசன் இரும்புத் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் சிந்துஜா சப்பாத்துக் கட்டிக்கொண்டு நின்று, "அம்மா, இனிப் புதன்கிழமையில தாய்பொக்ஸுக்குப் போறன்" என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த நாட்களில் எங்கள் தெருமுனைத் தேவாலயத்தில் அகதியாக வந்த தாய்மாருக்குப் பெட்டி கட்டுவார்கள். பிள்ளைச் சட்டை, சவர்க்காரம், சின்னத் துவாய் எல்லாம் வைத்து அனுப்புவார்கள். நானே அப்படி ஒரு பெட்டி வாங்கியவள். தாய்க்குப் பெட்டி. தாய் பொக்ஸ். இதைவிட வேறு என்னவாக இருக்கும்?

"போ பிள்ளை, நல்ல காரியம்" என்றேன். சும்மா அனுப்பவில்லை. ஆறு பிள்ளைத் துவாயும் மூன்று கம்பளித் தொப்பியும் கொடுத்து அனுப்பினேன். அடுத்த புதன்கிழமையும் கொடுத்தேன். கோயிலில் நாலு பெண்களுக்குச் சொன்னேன். அவர்களும் கொண்டுவந்து தந்தார்கள். ஒருத்தி பால்போத்தல் தந்தார். ஒருத்தி கிலுகிலுப்பை தந்தார்.

இந்தப் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது. அரை வருசம்!

பிறகு ஒரு நாள் பெட்டி பெரிதாகிவிட்டது, நானே காவிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் தேவாலயமுமில்லை, தாய்மாருமில்லை. என் மகள் அரைக் காற்சட்டையோடு நின்று தொங்குகிற மூட்டை ஒன்றைக் காலால் உதைக்கிறாள். சுவரோரமாகப் பெரிய பெரிய ஆம்பிளைகள் இருந்து, வாத்துப் படம் போட்ட பிள்ளைத் துவாயால் வேர்வை துடைக்கிறார்கள்.

"இதென்னடி இது?" என்று கத்தினேன்.

"தாய்பொக்ஸ் அம்மா. தாய்லாந்துக் குத்துச்சண்டை. நான் பொய் சொல்லேல்ல. நீங்கள்தான் பெட்டி எண்டு நினைச்சியள்."

"அப்ப ஏனடி துவாயை வாங்கினனி?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாத் தந்தியள். வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அப்போது ஒரு கட்டையான தாய்லாந்து மனிதர் வந்து என்னை இரண்டு கையாலும் கும்பிட்டார். அவர்தான் பழக்குகிறவர். அவர்களுடைய பேச்சில் பழக்குகிறவரைக் 'க்ரூ' என்பார்கள். எனக்கு அது குரு என்றுதான் கேட்டது, குரு என்றே வைத்துக்கொண்டேன். அவர் பேசும் ஜெர்மன் எனக்கு விளங்கியது. நான் பேசும் ஜெர்மன் அவருக்கு விளங்கியது. நாங்கள் இருவரும் பேசுவதுதான் சுவிஸ்காரருக்கு விளங்காது.

அவர் என்னை "மாமா" என்று கூப்பிடுவார். ஜெர்மனில் அம்மாவை அப்படிச் சொல்வது. என் மனுசனுக்கு அதில் வலு சந்தோசம். இன்றைக்கும், "இஞ்சேரும் மாமா, தேத்தண்ணி கிடைக்குமோ?" என்றுதான் கேட்பார்.

நான் அன்றைக்கே மகளை இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் அன்றைய பாடம் தொடங்க முதல் அவள் குருவின் முன்னால் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் பட மூன்று தரம் விழுந்து கும்பிட்டாள். வீட்டில் விளக்கு வைத்தால் கும்பிட வராத பிள்ளை. பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆராவில் அடித்த மணி

முதல் சண்டை ஆரா என்ற ஊரில். எதிரில் நின்ற பிள்ளையின் முழங்கை அம்மிக்குழவி மாதிரி இருந்தது. கண்ணூறு கழிக்காமல் பிள்ளையை விட முடியுமா? கைப்பையில் செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுபோயிருந்தேன். உடுப்பு மாற்றும் அறையில் மகளை இருத்தி, மூன்று தரம் சுற்றி, ஒரு தகரப் பேணிக்குள் போட்டுக் கொளுத்தினேன்.

மிளகாய் நெடி வரவில்லை என்றால் கண்ணூறு இருக்கிறது என்று அர்த்தம். வந்தது. நல்லாய் வந்தது. மேலே கூரையில் ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்கியது. பிறகு மண்டபம் முழுக்க மணி அடித்தது. முந்நூறு பேர் வெளியே ஓடி வந்து மழையில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசம் போட்ட ஒருவர் என் பேணியை நீட்டிப் பிடித்துக்கொண்டு தும்மித் தும்மி வந்தார்.

சிந்துஜா அன்றைக்கு வென்றாள். எதிரில் நின்ற பிள்ளைக்குக் கண்ணெரிவு இன்னும் தீரவில்லை என்று என் மனுசன் சொல்வார். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வரும்போது ரயிலில் மகள் சொன்னாள்: "அம்மா, கேளுங்கோ. இனி என்ர சண்டைக்கு ஒண்டும் கொண்டுவரக் கூடாது. மிளகாய் வேண்டாம், தேசிக்காய் வேண்டாம், நூல் வேண்டாம். வெறுங்கையோட வாங்கோ. திரும்ப ஏதும் செய்தியள் எண்டால் நீங்கள் ஒரு சண்டைக்கும் வரேலாது."

தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். என்னுடைய தலையில்.

அந்தப் பெயரைச் சொன்ன மனிதர்கள்

அதற்குப் பிறகு அவள் எத்தனை நாட்டில் அடிபட்டாள்! ஜெர்மனி, இத்தாலி, துருக்கி, தாய்லாந்து. பகலில் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. "பகலில பல்லைக் கட்டுறாள், சனிக்கிழமையில கழட்டுறாள்" என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். வீட்டுக்குக் கலியாணப் பேச்சுக் கொண்டுவந்த ஒரு அண்ணை, அவள் கதவைத் திறந்த உடனே சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். அவளுடைய கண் அன்றைக்கு நாவற்பழம் போல இருந்தது.

எல்லா ஊரிலும் ஒரு பகிடி இருந்தது. மேடையில் பெயர் வாசிப்பார்களே, அங்கேதான். என் மனுசனுடைய பெயர் திருநாவுக்கரசு. மகளுக்குக் குடும்பப் பெயர் அதுதான். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர்கள் படுகிற பாடு! "சின்டுயா... டிரு... நாவு... நாவு..." என்று இழுத்து, மூச்செடுத்து, "...க்கராஸ்ஸ்ஸூ!" என்று முடிப்பார்கள். அவர் முடிப்பதற்குள் எதிரில் நிற்கிற பிள்ளைக்குக் கால் உளைந்துவிடும்.

தோற்றும் இருக்கிறாள். இத்தாலியில் மூக்கு உடைந்தது. தாய்லாந்தில் அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி மூன்றாம் சுற்றில் விழுத்தினாள். இரண்டு தரம் ஐரோப்பியப் பட்டம் கைக்கு வந்து நழுவியது. நான் சத்தியத்தைக் காப்பாற்றி வெறுங்கையோடுதான் போனேன். ஒவ்வொரு தோல்விக்கும் என் வெறுங்கையைத்தான் பார்ப்பேன்.

அதனால்தான் உலகப் பட்டத்துக்கான நாள் வந்தபோது என்னால் வெறுங்கையோடு போக முடியவில்லை.

கொண்டைக்குள் இருந்தது

சிந்துஜாவின் தலைமயிர் இடுப்புக்குக் கீழே வரும். என் ஐந்து பிள்ளைகளில் அப்படி ஒருவருக்கும் இல்லை. எல்லாச் சண்டைக்கும் நான்தான் பின்னி இறுக்கிக் கொண்டை போட்டுவிடுவேன். அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த பித்தளை வேல் ஒன்று சுவாமித் தட்டில் இருந்தது. நடுவிரல் நீளம், நல்ல கனம். அன்றைக்குக் காலையில் அவள் வீட்டுத் தராசில் நிறை பார்த்து முடிந்த பிறகு, அதைச் சிவப்புத் துணியில் சுற்றி, பின்னலுக்குள் வைத்து, கொண்டையாக முடிந்துவிட்டேன். கையில் கொண்டுவரக் கூடாது என்றுதானே சத்தியம்? நான் கையில் கொண்டுவரவில்லை.

ரயிலில் வரும்போது, "அம்மா, இண்டைக்குத் தலை பாரமாக் கிடக்கு" என்றாள்.

"பசி கிடந்தால் தலை பாரமாத்தான் இருக்கும் பிள்ளை" என்றேன்.

கத்தரிக்கோல்

இப்போது தராசுக்கு வருகிறேன்.

குரு அவளுக்கு மேலங்கி போட்டு இருபது நிமிசம் நடைபாதையில் ஓடவிட்டார். உடம்பில் வேர்க்கத் தண்ணீர் இருந்தால்தானே? திரும்ப ஏறினாள். அதே எழுபது. எச்சிலாவது குறையட்டும் என்று தேசிக்காயை நக்கித் துப்பச் சொன்னார்கள். அதே எழுபது. அவள் நிலத்தில் குந்தி முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுததை நான் இத்தாலியில் மூக்கு உடைந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

சங்கத்துப் பெண், "ஷேரி! ஷேரி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். எங்கள் பேச்சில்தான் சரி, சரி என்று ஆறுதல் சொல்லுகிறாள் என்று அந்தப் பதற்றத்தில் நினைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது கையில் பெரிய கத்தரிக்கோல். ஜெர்மனில் கத்தரிக்கோலை அப்படித்தான் சொல்வது. முப்பது வருசம் குசினியில் கேட்ட சொல்தான், அப்போதுதான் நினைவு வந்தது.

"வெட்டுங்கோ" என்றாள் சிந்துஜா. நிமிர்ந்து பார்க்கவில்லை. "அம்மா, நீங்கள் அங்கால திரும்பி நில்லுங்கோ. பார்க்காதேங்கோ."

என் மயிரைவிட நான் பார்த்துப் பார்த்து வளர்த்த மயிர். வாயைத் திறந்தால் மயிர் தப்பும், ஆனால் இனி ஒரு சண்டையும் எனக்கு இல்லை. வாயை மூடியிருந்தாலும் கத்தரிக்கோல் கொண்டைக்குள் போய் வேலில் 'ணங்' என்று இடிக்கும். இதை யோசிக்க எனக்கு நெடுநேரம் எடுக்கவில்லை.

"பொறுங்கோ!" என்று போட்ட சத்தத்தில் கண்ணாடிக்கார அம்மாவின் கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்து கயிற்றில் ஆடியது.

மகளின் கொண்டையைப் பிடித்து அவிழ்த்தேன். சிவப்புத் துணி வந்தது. துணிக்குள்ளிருந்து வேல் வழுவி நிலத்தில் விழுந்து உருண்டு, கண்ணாடிக்கார அம்மாவின் சப்பாத்தில் போய் முட்டி நின்றது.

அவர் குனிந்து அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"நான்தான்" என்றேன். "நான்தான் வைச்சனான்."

சிந்துஜா அந்தப் பித்தளை வேலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விரித்த தலையோடு தராசில் ஏறினாள். நான் ஓடிப்போய்த் துவாயைப் பிடித்தேன். ஐம்பத்து மூன்று கிலோ, தொள்ளாயிரத்து எண்பது கிராம். கண்ணாடிக்கார அம்மா எழுதிக்கொண்டார். பிறகு வேலும் தராசில் ஏறியது. தொண்ணூறு கிராம். அதை எங்கேயும் எழுதவில்லை.

சங்கத்துப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த அறை முழுக்கச் சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். உடுப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

சேலைத் தலைப்பு

நடைபாதையில் ஒரு கதிரையில் இருந்தேன். மனுசன் வந்து, "என்னவாம், மாமா?" என்றார். "நான் இனி வரேலாது" என்றேன். அவர் பகிடியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

குரு வந்தார். கையில் அதே கத்தரிக்கோல். பித்தளை வேலை என்னிடம் தந்து கும்பிட்டார். "மாமா, பித்தளை மேடையில ஏறாது" என்றார். பிறகு என் சேலையைக் காட்டினார். மூத்தவனின் கலியாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டு. "துணி ஏறும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் மேற்கையைத் தொட்டுக் காட்டினார். மேடையில் பிள்ளைகள் கையில் ஒரு நாடா கட்டியிருப்பார்களே, அது. அவர்களுடைய ஊரில் முந்திச் சண்டைக்குப் போகிற மகனுக்குத் தாய் தன் உடுப்பில் ஒரு துண்டு எடுத்துக் கையில் கட்டி அனுப்புவாளாம். அதிலிருந்து வந்ததாம் அந்த நாடா.

"தாய் கட்டி விடுறதோ?" என்றேன்.

"தாய்" என்றார் அவர், தன் நாட்டைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து. "ஓம் மாமா, தாய், தாய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தேன். இது தாய்மாருடைய விசயம் என்று நான் முதலிலேயே சொன்னேன்! துவாய் கொடுத்தபோதே சொன்னேன்! ஒருத்தரும் கேட்கவில்லை.

தலைப்பில் ஒரு சாண் வெட்டினேன். பட்டு, இலேசில் வெட்டுப்படவில்லை. "கலியாணச் சேலையப்பா!" என்றார் மனுசன். "பிடியுங்கோ அந்த நுனியை" என்றேன்.

உடுப்பு மாற்றும் அறையில் சிந்துஜா கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள். தலை இன்னும் விரித்தபடி. அந்தத் துணியைப் பார்த்தாள். என் சேலையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள். கட்டினேன். பிறகு திரும்பி முதுகைக் காட்டினாள். பின்னிவிட்டேன். முடிந்த பிறகு கொண்டையை ஒருக்கால் அமத்திப் பார்த்துக்கொண்டாள்.

குடு பிள்ளை, குடு!

சுவீடன் பெண். நல்ல உயரம். பெயர் வாசித்தவர் "நாவு... நாவு..." என்று தொடங்கியபோது வில்லிலிருந்தும் ஆராவிலிருந்தும் வந்த எங்கள் சனம் நூறு பேர் சேர்ந்து, "...க்கரசு!" என்று முடித்துக் கொடுத்தார்கள். மனுசன் தன் பெயரைக் கேட்டதோடு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் ஒரு சண்டையும் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னால் நின்று, "முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?" என்று கேட்பார்.

இரண்டு சுற்று அந்தப் பெண் நீளக் காலால் கிட்டவே விடவில்லை. மூன்றாம் சுற்றில் நான் கதிரையில் ஏறிவிட்டேன். "கிட்டப் போ! கட்டிப் பிடிச்சு முழங்காலால குடு!" தமிழில் கத்துவதில் ஒரு நயம் உண்டு. எதிர்ப்பக்கத்துக்கு விளங்காது. பின்னால் இருந்த பெண்கள் எல்லாம், "குடு பிள்ளை, குடு!" என்று தொடங்கினார்கள். என் பிள்ளை கிட்டப் போனாள், கழுத்தை வளைத்துப் பிடித்தாள், கொடுத்தாள். நான்காம் சுற்றிலும் கொடுத்தாள். ஐந்தாம் சுற்றில் அந்தப் பெண் கயிற்றில் சாய்ந்து நின்றாள்.

நடுவர் மாம்பழ நிறம் கட்டிய கையைத் தூக்கினார். என் சேலை உலகப் பட்டம் வாங்கியது.

"முடிஞ்சுதோ?" என்றார் மனுசன்.

"முடிஞ்சுது, வெளியில வாங்கோ, நீங்கள் வென்றிட்டியள்!" என்றேன்.

மகள் இடுப்புப் பட்டியோடு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. நான் கதிரையிலிருந்து இறங்கி நின்றேன்.

"அம்மா."

"சொல்லு பிள்ளை. நான் வரேல்ல. இனி வீட்டிலயே இருக்கிறன்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ." கையிலிருந்த துணியை விரலால் தடவினாள். "அடுத்த சண்டைக்கும் இதே சேலையைக் கட்டிக்கொண்டு வாங்கோ. இன்னும் எவ்வளவு துணி கிடக்கு!"

அந்தச் சேலையை நான் தைக்கவில்லை. இப்போது தலைப்பில் ஏழு வெட்டு இருக்கிறது. கலியாண வீட்டில் ஆரும், "ஐயோ அக்கா, சேலை கிழிஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும் என்றே வெட்டுத் தெரியும்படி விட்டு உடுத்துகிறேன். சொன்னால் பக்கத்துக் கதிரையில் இருத்தி, முதலிலிருந்து சொல்வேன்.

ஆரணி, பேனையை வைச்சிட்டு எழுதினதை ஒருக்கால் வாசி பாப்பம். கெதியா வாசிக்காதை. பெட்டிக் கதையைக் குறைச்சு எழுதியிருந்தால் இப்பவே சொல்லிப்போடு. அப்பப்பாவின்ர பேர் வாற இடத்தில மேடையில வாசிச்ச ஆள் இழுத்த மாதிரியே இழுத்து வாசி, அவருக்கும் கேக்கட்டும். அங்கை பார், பேரைச் சொன்ன உடன கதவுக்குப் பின்னால போயிட்டார்.